வண்டி வேகம் குறையும்போது சத்தம் வருகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் கார், பைக் இரண்டும் பார்க்கும் பட்டறை எங்களுடையது. வருகிறவர்களில் பலர் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள்: ஓடும்போது ஒன்றும் இல்லை, வேகம் குறைந்தால் மட்டும் சத்தம். அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன். முதல் மூன்று பதில்களை எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றதில் உங்கள் வண்டிக்குப் பொருந்துவதைப் பார்த்தால் போதும்.

ஸ்பீடு குறைக்கும்போது மட்டும் ஏதோ சத்தம் வருது. பிரேக் போச்சா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேகம் குறையும்போது வண்டியில் பல விஷயங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிரேக் பேட் (உராய்ந்து தேயும் துண்டு) டிஸ்க்கை (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தட்டு) பிடிக்கிறது. வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, அதனால் முன் சஸ்பென்ஷனில் தேய்ந்த புஷ் (மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறை), தளர்ந்த போல்ட் எல்லாம் அசைகின்றன. ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜின் சக்கரத்தை இழுப்பது போய், சக்கரம் இன்ஜினை இழுக்க ஆரம்பிக்கிறது. கியர், செயின், ஆக்சில் ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு) எல்லாவற்றிலும் இருக்கும் இடைவெளி எதிர்ப்பக்கம் போய் முட்டும்.

இன்னொன்றும் உண்டு. இன்ஜின் இரைச்சலும் காற்றின் இரைச்சலும் குறைவதால், அதுவரை அமுங்கிக் கிடந்த சத்தம் காதுக்கு எட்டுகிறது. சத்தம் முன்பிருந்தே இருக்கும், இப்போதுதான் கேட்கும். அதனால் "எப்படிப்பட்ட சத்தம்" என்பதைவிட "சரியாக எப்போது வருகிறது" என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

அப்போ எது பிரேக், எது இன்ஜின்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான, சமமான ரோடு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு 40 அல்லது 50 கிமீ வேகத்தில் மூன்று முறை செய்து பாருங்கள். முதல் முறை, பிரேக்கை மெதுவாக மிதித்து வேகத்தைக் குறையுங்கள். இரண்டாம் முறை, பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுவிட்டு கியரிலேயே வேகம் குறையட்டும். மூன்றாம் முறை, கிளட்ச்சை மிதித்தபடி வண்டியை உருள விடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் முதல் இரண்டு மட்டும் போதும். எந்த முறையிலும் சாவியை அணைக்கக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் போய்விடும், ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும்.

முதல் முறையில் மட்டும் சத்தம் வந்தால் பிரேக் அல்லது முன் சஸ்பென்ஷன். இரண்டாவதில் வந்து மூன்றாவதில் காணாமல் போனால் இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்), ஆக்சில் ஜாயின்ட், கியர் பக்கம். பைக்காக இருந்தால் செயின். மூன்றிலும் வந்து, வண்டி மெதுவாக ஆக ஆகச் சத்தமும் மெதுவானால் சக்கர பேரிங் அல்லது டயர்.

இன்னொரு வழி: கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நீளமான மதில் சுவரை ஒட்டி மெதுவாகப் போங்கள். சக்கரத்திலிருந்து வரும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். திரும்பி வரும்போது சுவர் மறுபக்கம் இருக்கும். இடது சக்கரமா, வலது சக்கரமா என்பது அநேகமாக அப்போதே தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிட்ட சத்தத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. 'ஒரு மாதிரி' சத்தம்னுதான் சொல்ல வருது.

வாயால் சத்தம் போட்டே காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கீச் என்றால் நாங்கள் முதலில் பேடைப் பார்ப்போம். கர்ர் என்றால் இரும்போடு இரும்பு உரசுகிறதா என்று பார்ப்போம். டக் என்று ஒரே ஒரு அடி என்றால் தளர்ந்த பாகம். ஊஊ என்றால் பேரிங், டயர்.

அதோடு இந்த விவரங்களையும் சொல்லுங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, அரை மணி நேரம் ஓடிய பிறகா? நேராகப் போகும்போதா, திரும்பும்போதா? மழையில் நனைந்த பிறகா? கடைசியாக எப்போது, எந்த வேலை பார்த்தீர்கள்? பக்கத்து சீட்டில் இருப்பவரை போனில் பதிவு செய்யச் சொல்லலாம். ஓட்டிக்கொண்டே நீங்கள் பதிவு செய்ய வேண்டாம்.

காலையில முதல் ரெண்டு மூணு தடவை பிரேக் பிடிச்சா கர்ர்னு வருது, அப்புறம் காணோம். பேட் மாத்தணுமா?

வேண்டாம். கார் டிஸ்க் வார்ப்பிரும்பு. இரவுப் பனி, மழை, வண்டி கழுவிய ஈரம் எது பட்டாலும் சில மணி நேரத்தில் அதன் மேல் மெல்லிய துருப்படலம் வந்துவிடும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். முதல் சில பிரேக்கில் பேட் அதைச் சுரண்டி எடுத்துவிடும், சத்தமும் நின்றுவிடும். தெருமுனை தாண்டியும் சத்தம் நிற்கவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்.

மழையில் நனைந்த காரை ஹேண்ட் பிரேக் போட்டு இரண்டு நாள் விட்டுவிட்டு எடுத்தால் பின்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம் வந்து வண்டி விடுபடும். பின் டிரம் பிரேக்கின் உள்ளே உராயும் லைனர் ஈரத்தில் டிரம்மோடு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். சமமான இடத்தில் நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாக கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது நல்லது.

பிரேக் பிடிச்சா ஊசி குத்துற மாதிரி கீச்சுன்னு சத்தம். ஆனா பேட் இன்னும் இருக்குன்னு சொல்றாங்க.

பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்போது வழுக்குவதும் பற்றுவதும் நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் முறை மாறி மாறி நடக்கும். கரும்பலகையில் சாக்பீஸ் கீச்சிடுவதும் இதே விதத்தில்தான். பேட், காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), டிஸ்க் மூன்றும் சேர்ந்து அதிர்ந்தால் காது கூசும் சத்தம் வரும். பிரேக் நன்றாகப் பிடிக்கும்போதும் இந்தச் சத்தம் வரலாம். பேடின் மேல்பரப்பு சூட்டில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் போவது, பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஷிம் தகடு இல்லாமல் போவது, கிளிப் தளர்வது, தூசி அடைவது, பேடின் கலவையே கடினமாக இருப்பது எல்லாம் காரணங்கள்.

ஆனால் முதலில் தடிமனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். காரில் புது பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பல பேட்களில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து அந்த அளவுக்கு வரும்போது நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். எச்சரிக்கைக்காகவே வைத்த சத்தம் அது. பைக் பேடில் நடுவே ஒரு பள்ளக் கோடு இருக்கும், கோடு மறைந்தால் பேட் முடிந்தது.

"பேட் இருக்கிறது" என்று சொன்னவர் வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்தாரா, உள்பக்கப் பேடையும் பார்த்தாரா என்று கேளுங்கள். காலிப்பர் நகர்வதற்காக இருக்கும் கம்பி (ஸ்லைடு பின்) இறுகிப் போனால் உள்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து தீரும். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப்பக்கம் மட்டும் தெரியும், நன்றாகவும் இருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் சொன்ன பதிலை நம்பாதீர்கள்.

கீச்சுன்னு வந்தது இப்ப கர்ர்னு மாறிடுச்சு. சனிக்கிழமை லீவு, அதுவரைக்கும் ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். கீச் நின்று கர்ர் வந்தால், பேட் முழுதும் தீர்ந்து அதன் பின்தகடு டிஸ்க்கை அறுக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். மேலும் ஓட்டினால் காலிப்பர் பிஸ்டன் அளவுக்கு மேல் வெளியே வந்து பிரேக் ஆயில் கசியும். அப்புறம் பிரேக் நம் கையில் இல்லை. பேட் செட்டோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க், காலிப்பர் வரை போகும் என்பது இதற்கு அடுத்த கவலைதான்.

மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். காலையில் வரும் துருவும் (மேலே சொன்னது) கல் சிக்கியதும் (அடுத்த பதில்) இதே மாதிரி கர்ர் கொடுக்கும். ஆனால் அந்த இரண்டையும் உறுதியாக விலக்கிய பிறகுதான் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் புதிய கோடுகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பிரேக் பிடிக்காதப்பவே தகரம் உரசுற சத்தம். மெதுவா போனா நல்லா கேக்குது.

மண் ரோட்டிலோ, ஜல்லி கொட்டிய ரோட்டிலோ போய் வந்த பிறகு தொடங்கியிருந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவில் ஒரு சிறு கல் மாட்டியிருக்கும். கேட்பவருக்கு வண்டியே பிய்ந்துபோகிறது என்று தோன்றும், அவ்வளவு மோசமான சத்தம். காலி இடத்தில் சில அடி ரிவர்ஸ் எடுத்து, மறுபடி முன்னால் போங்கள். பல நேரம் கல் தானாகவே விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டை லேசாக நெம்பினால் வரும். தகடு வளைந்து டிஸ்க்கைத் தொடுவதும் உண்டு.

பிரேக் மிதித்தால் அந்த உரசல் நின்றுவிடுகிறது என்றால் வேறு கதை. முன்பு சொன்ன எச்சரிக்கை நாக்கோ, தளர்ந்த பேடோ டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கலாம்.

டிஸ்க்ல கொஞ்சம் எண்ணெய் விட்டா சத்தம் போகுமாமே?

சத்தம் போகும், பிரேக்கும் போகும். தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் டிஸ்க்கிலும் பேடிலும் படவே கூடாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் படாமல் அட்டையோ துணியோ வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விழுந்து எழுந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரீஸ் போட வேண்டிய இடங்கள் உண்டு: காலிப்பரின் ஸ்லைடு பின், பேடின் பின்தகடு கிளிப்பில் உட்காரும் ஓரம். அதற்கும் பிரேக்குக்கென்றே வரும், சூடு தாங்கும் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் பட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப் பருத்து ஸ்லைடு பின்னை இறுக்கிவிடும்.

கீச் சத்தத்துக்குப் பேடை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுக் கொடுத்தாங்க. பத்து நாள்ல திரும்ப வந்துடுச்சு.

வழவழப்பான மேல்பரப்பைத் தேய்த்தால் கீச் நிற்கும். ஆனால் ஏன் வழவழப்பானது என்பதைப் பார்க்காவிட்டால் திரும்பத்தான் வரும். பிரேக்கில் காலை வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் ஒரு காரணம். காலிப்பர் முழுதாக விடாமல் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருப்பது இன்னொரு காரணம்.

இரண்டாவதைச் சோதிக்க, அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேய்த்த தூசியை வாயாலோ ஏர் அடித்தோ ஊதக் கூடாது. பழைய பேட்களிலும் மலிவான பேட்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். எங்கள் பையன்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

புதுசா பேட் மாத்தின பிறகுதான் சத்தமே ஆரம்பிச்சுது. ஏமாத்திட்டாங்களா?

உடனே அப்படி முடிவு கட்ட வேண்டாம். புதுப் பேட் பழைய டிஸ்க்கோடு பழக வேண்டும். முதல் நாள் காலி ரோட்டில் 50 கிமீ வேகத்திலிருந்து 10 கிமீ வரை மிதமாகப் பிரேக் பிடித்து, முழுதாக நிறுத்தாமல், மறுபடி வேகம் எடுத்து, இப்படிப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். நடுவில் சூடு ஆறக் கொஞ்சம் சும்மா ஓட்டுங்கள். அடுத்த 200, 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்தால் பெரும்பாலான சத்தம் அடங்கிவிடும்.

அடங்காவிட்டால் போட்ட கடைக்கே போய், ஷிம், கிளிப் புதிது போட்டார்களா, ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தார்களா, டிஸ்க்கின் வெளி ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரம்பில் புதுப் பேட் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேட் அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனிகளின் பெயரில் போலிப் பேட் சந்தையில் நிறைய ஓடுகிறது. பிரேக் பேடில் மிச்சம் பிடிப்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

பிரேக் பிடிச்சா தடதடன்னு ஸ்டீயரிங் ஆடுது. டிஸ்க் வளைஞ்சுடுச்சுன்னு சொல்றாங்க.

வளைவதைவிட, டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லாமல் போவதுதான் அதிகம் நடக்கிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம்கூடக் கையில் தெரியும். ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க், சீட்டும் இடுப்பும் ஆடினால் பின்பக்கம் என்று முதலில் வைத்துக்கொள்ளலாம்.

லேத்தில் கொடுத்துச் சீவலாமா என்பது மிச்சமிருக்கும் தடிமனைப் பொறுத்தது. குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். சீவிய பிறகும் அதற்கு மேல் இருக்க வேண்டும். புது டிஸ்க் போட்டும் சில மாதத்தில் திரும்ப ஆடினால், ஹப்பில் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பாகம்) துருவைச் சுத்தம் செய்யாமல் மாட்டியிருப்பார்கள், அல்லது சக்கர நட்டை ஒரே அளவாக முறுக்கியிருக்க மாட்டார்கள்.

திடீர்னு அழுத்திப் பிடிச்சா பெடல் காலை உதைக்குது, கீழ கரகரன்னு சத்தம்.

அது ஏபிஎஸ் வேலை செய்கிற சத்தம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டுப் பிடிக்கிறது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அழுத்தியபடியே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். 2019 ஏப்ரலிலிருந்து கார்களுக்கும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் இது கட்டாயமானதால், பழைய வண்டியிலிருந்து மாறியவர்கள் முதல் முறை அதிர்ச்சி அடைகிறார்கள்.

ஆனால் காய்ந்த ரோட்டில், மெதுவாக நிற்கப்போகும் கடைசி சில அடியில் இது வந்தால் சரியல்ல. சக்கரத்தின் வேகத்தைப் படிக்கும் சென்சாரில் அழுக்கோ, அதன் வளையத்தில் விரிசலோ இருக்கும்.

நிக்கிற அந்தக் கடைசி நொடியில் முன்னாடி 'டக்'னு ஒரே ஒரு அடி.

எடை முன்னால் போய், நின்றதும் பின்னால் திரும்புகிறது. அந்த அசைவில் இடைவெளி இருக்கும் பாகம் அடிக்கிறது. காரில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிணைக்கும் கை) புஷ்ஷைத்தான் முதலில் சந்தேகப்படுவேன், நம் ரோட்டுப் பள்ளங்களும் வேகத்தடைகளும் அதைத்தான் முதலில் தின்கின்றன. அடுத்து பால் ஜாயின்ட் (அந்தக் கையைச் சக்கரப் பக்கம் சேர்க்கும் மூட்டு), லிங்க் ராட், காலிப்பர் போல்ட், பேட் கிளிப்.

காலி இடத்தில் முன்னால் நாலடி போய் பிரேக், ரிவர்ஸில் நாலடி போய் பிரேக் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் முதல் பிரேக்கில் மட்டும் டக் வந்தால், பேட் தன் இருப்பிடத்தில் நகர்கிறது அல்லது புஷ் போயிருக்கிறது. ஒருவர் இப்படிச் செய்ய, இன்னொருவர் வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரத்தைக் கவனித்தால், புஷ் மோசமாகப் போயிருக்கும்போது சக்கரமே முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பால் ஜாயின்ட் சந்தேகம் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். அது கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும்.

பிரேக்கே தொடல. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே டொக்னு கேக்குது.

இரண்டாவது பதிலில் சொன்ன இரண்டாம் சோதனைக்கான விடை இது. இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது இன்ஜின் ஒருபக்கம் சாயும், விட்டால் மறுபக்கம் சாய்ந்து இடிக்கும். முதல் கியரில் மெதுவாகப் போகும்போது கொடுத்து விட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். நிற்கும்போது வண்டி முழுதும் அதிர்கிறது என்றால் சந்தேகம் இன்னும் உறுதி.

முன்சக்கரம் இழுக்கும் காரில் ஆக்சிலின் உள் ஜாயின்ட் தேய்ந்தாலும் இதே டொக். வெளி ஜாயின்ட் போனால் முழுதாகத் திருப்பும்போது டக்டக் என்று வரும். ரப்பர் கவர் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், பாதி விடை அங்கேயே இருக்கும்.

வேகம் குறைய குறைய ஊஊன்னு சத்தமும் இறங்குது. பேரிங்கா, டயரா?

வேகமான ரோட்டில் நீண்ட வளைவு ஒன்றில் கவனியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பேரிங். வளைவில் மாறாமல், ரோட்டுக்கு ரோடு மாறினால் டயர். தார் ரோட்டில் ஒரு மாதிரி, கான்கிரீட் ரோட்டில் ஒரு மாதிரி கேட்டால் டயர்தான். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் ரம்பம் மாதிரியும் இருந்தால் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். முன், பின் டயர்களை மாற்றிப் போட்டதும் சத்தம் இடம் மாறினாலும் டயரேதான்.

பைக்ல முன் பிரேக் பிடிச்சா ஹேண்டில்ல டக்குன்னு அடிக்குது. ஸ்லோ பண்ணினா கீழ கடகடன்னு வேற சத்தம்.

இரண்டும் வெவ்வேறு. ஹேண்டிலில் அடிப்பது கோன் செட், அதாவது ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, ஹேண்டிலின் கழுத்துப் பகுதியில் விரலை வைத்துப் பாருங்கள், தளர்வு விரலில் தெரியும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓர் இடத்தில் மாட்டி நின்றால், முறுக்கினால் போதாது, மாற்ற வேண்டும். கழுத்து உறுதியாக இருந்தும் டக் வந்தால் ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்) புஷ்.

கீழே கடகட என்றால் செயின். ஆக்சிலேட்டரை விட்டதும் செயினின் கீழ்ப்பக்கம் இறுகி மேல்பக்கம் தொங்கும், அதிகம் தொங்கினால் செயின் கவரில் அடிக்கும். நிறைய பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் சரி, உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொங்கல் என்றால் செயின், ஸ்ப்ராக்கெட் செட்டாக மாற்றுங்கள். செயின் சரியாக இருந்தும் பின்சக்கரத்தில் டொக் என்றால் ஹப்புக்குள் இருக்கும் டேம்பர் ரப்பர் நைந்திருக்கும். பின் டிரம்மில் கீச் வந்தால் கழற்றித் தூசியைத் துடைத்து, லைனரின் தடிமனைப் பார்த்து, பிரேக் கேமுக்கு ஒரு துளி கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்கூட்டர் நிக்கப்போற நேரத்துல கர்ர்னு நடுங்குது.

வேகம் குறைந்து கிளட்ச் விடுபடும் நேரம் அது. கிளட்ச் ஷூ தேய்ந்தாலும், மேல்பரப்பு வழவழப்பானாலும், உள்ளே பெல்ட் தூசி சேர்ந்தாலும் அங்கே நடுங்கும். கிளம்பும்போதும் அதே நடுக்கம் வந்தால் ஏறக்குறைய உறுதி. சைடு கவரைத் திறக்கும்போதே பெல்ட்டில் விரிசல், ரோலரில் தட்டையான தேய்மானம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள், ஒரே கூலியில் முடியும்.

ஆக்சிலேட்டரை விட்டா சைலன்சர்ல பட்பட்னு வெடிக்குது.

லேசாக ஓரிரு முறை என்றால் பொருட்படுத்த வேண்டாம். எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் சூடான சைலன்சருக்குள் எரிகிறது. அதிகமானால், இன்ஜினோடு சைலன்சர் சேரும் இடத்தில் கேஸ்கெட் போய் வெளிக்காற்று உள்ளே வருகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் கருப்புக் கறை இருந்தால் கசிவு. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் கலவை குறைவாக வைத்திருந்தாலும் வெடிக்கும்.

எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேன். ஸ்லோ ஆகும்போது விசில் மாதிரி வருது.

பெடலை விட்டதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கரன்ட் அனுப்புகிறது. அந்த மெல்லிய விசில் இயல்பானது. மெதுவாகப் போகும்போது நடந்து செல்பவர்களை எச்சரிக்கச் செயற்கையாக ஒலி எழுப்பும் வண்டிகளும் உண்டு.

கவனிக்க வேண்டியது வேறு. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேடும் டிஸ்க்கும் அதிகம் வேலை செய்வதில்லை, துரு படிந்து கர்ர் வருவது இந்த வண்டிகளில் அதிகம். வாரத்துக்கு ஒருமுறை காலி ரோட்டில் சில முறை கொஞ்சம் பலமாகப் பிரேக் பிடியுங்கள்.

வால்பாறையில இருந்து இறங்கும்போது சத்தத்தோட தீயற வாடை வந்துச்சு. கீழ வந்ததும் சரியாயிடுச்சு.

சரியாகவில்லை, ஆறியிருக்கிறது. வால்பாறையில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. பிரேக்கிலேயே இறங்கினால் பேடின் பிடிமானம் குறையும். அதைவிட ஆபத்து பிரேக் ஆயில் கொதிப்பது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியபின் அந்த அளவு 140. டாட் 4 ஆயிலுக்கு 230, 155. கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். இன்ஜின் உறுமும், உறுமட்டும், அதனால் கெடுதல் இல்லை. வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிக்கலாம். ஊருக்கு வந்ததும் பேடைப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரேக் மிதிச்சா உஸ்ஸுன்னு காத்து சத்தம்.

மிதிக்கும் நொடியில் லேசாக வந்து நின்றால் இயல்பு. மிதித்து வைத்திருக்கும்வரை தொடர்ந்து வந்து, பெடலும் கல் மாதிரி இறுகினால் பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) கசிகிறது. இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அன்றே பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

நின்னதும் பின் சீட்டுக்கு அடியில 'தளக்'னு ஏதோ அசையுது.

பெட்ரோல். பல கார்களில் டேங்க் அங்கேதான் இருக்கிறது, பாதி நிரம்பியிருக்கும்போது அலையடிக்கும். முழுதாக நிரப்பிப் பாருங்கள், சத்தம் போய்விட்டால் அதுதான். டிக்கியில் ஜாக்கி, ஸ்டெப்னி தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில் கிடந்தால் உடனே எடுங்கள். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அது உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டினால் மிதிக்கவே முடியாது.

எல்லாம் பாத்தாச்சு, சத்தம் போகல. மொத்த சஸ்பென்ஷனையும் மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா?

எந்தப் பாகம் என்று கையால் அசைத்துக் காட்டாதவரை சம்மதிக்காதீர்கள். முதலில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டி, சத்தம் வரும் அந்த நொடியைக் கேட்க வையுங்கள். அவர் தனியாக டிரையல் எடுத்துப் போனால் உங்கள் வேகத்தில், உங்கள் மாதிரி பிரேக் பிடிப்பார் என்று சொல்ல முடியாது. அப்புறம் லிஃப்டில் ஏற்றி, கம்பி வைத்து ஒவ்வொரு புஷ்ஷையும் நெம்பிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு சக்கரத்தையும் கழற்றி இரண்டு பக்கப் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி, புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு பட்டறையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே பாகத்தைக் காட்டினால் மாற்றிவிடலாம்.